கையளவுக் களத்தில் இரு கட்சிகள்

இலக்கிய மலரில் வீடியோ விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் நம்மிடையே இருப்பர் என்பதை நாம் அறிவோம். காப்பியம், சிற்றிலக்கியம், புதுக்கவிதை என்று வரிசையாக வரும் கட்டுரைகளுக்கு நடுவே இத்தகைய பொருளை எடுத்துக்கொண்டு வந்து நிற்பது சிறுபிள்ளைத்தனமாகவும் தோன்றக்கூடும். ஆயினும், ஒரு படைப்பு எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது, அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று இசைகின்றனவா, செய்யப் புகுந்ததை அது செய்து முடித்ததா என்று ஆராய்வதே திறனாய்வு எனில், அவ்வாராய்ச்சிக்கு உட்படாத படைப்பு என்று ஒன்று இல்லை. மேலும், லிங்கராஜபுரத்திலும் அதனைச் சூழ்ந்த கம்மனஹள்ளி, பாணஸ்வாடி, காக்ஸ் டவுன் பகுதிகளிலும் வாழும் நம் இல்லத்துப் பிள்ளைகள் நாள்தோறும் ஈடுபடும் ஒரு கலையைக் குறித்துப் பெற்றோராகிய நாம் 'கண் கெட்டுப் போகும்' என்ற ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது.

நாம் இங்கே மறுபார்வைக்கு எடுத்துக்கொண்டது 1999 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'எஸ்.என்.கே. வெர்சஸ் கேப்காம்: தி மேட்ச் ஆஃப் தி மில்லேனியம்' என்னும் சண்டை விளையாட்டு. 'நியோ ஜியோ பாக்கெட் கலர்' என்ற கையடக்கக் கருவிக்காக எஸ்.என்.கே. நிறுவனம் ஆக்கியது. ஒரு நிறுவனம் தன் பாத்திரங்களையும் தன் முதற்பெரும் போட்டியாளரின் பாத்திரங்களையும் ஒரே களத்தில் இறக்கிப் பொரவிட்ட படைப்பு இது. ஒரு கதையின் மாந்தர் மற்றொரு கதையின் மாந்தரைச் சந்திக்கும் இவ்வகைக் கூட்டுப் படைப்புகள் பின்னாளில் மலிந்துவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை மறக்கப்பட, உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சிறு படைப்பு இன்றும் பேசப்படுவது ஏன் என்பதே நம் வினா.

இரு வீட்டாரின் பகையை முதலில் அறிந்துகொள்வோம். எஸ்.என்.கே., கேப்காம் இரண்டும் ஒசாகா வட்டாரத்தில் தோன்றிய நிறுவனங்கள். 1987இல் கேப்காம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்ற விளையாட்டை வடிவமைத்தோருள் முதன்மையானவர் தகாஷி நிஷியாமா. அவரும் அவருடன் பணியாற்றிய ஹிரோஷி மட்சுமோட்டோவும் பின்னர் எஸ்.என்.கே.வுக்குச் சென்றனர், அங்கே 1991இல் 'ஃபேட்டல் ஃப்யூரி' பிறந்தது. அதே ஆண்டு கேப்காம், நிஷியாமா இல்லாமலேயே, 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்பதை வெளியிட்டு உலகெங்கும் பெரும்புகழ் பெற்றது. ஆக, பகைவர் என்று நாம் காண்போர் உண்மையில் பங்காளிகள். ஒரே தாத்தாவின் சொத்தைப் பிரித்துக்கொண்டு, நடுவே சுவர் எழுப்பி, சுவருக்கு மேலே தலையை நீட்டி ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளும் பங்காளிகள்!

கேலி என்றது மிகையன்று. 1992இல் எஸ்.என்.கே. 'ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. அதன் நாயகன் ரியோ சகாசாகி. கேப்காமின் நாயகன் ரியூ. பெயரில் ஓரெழுத்துத்தான் வேறுபாடு. உடையிலும் நிற்கும் முறையிலும் கையிலிருந்து ஒளியுருண்டை எறியும் வித்தையிலும் வேறுபாடு அதனினும் குறைவு. கேப்காம் வழக்கு மன்றத்தை நாடவில்லை. 1995இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா'வில் டான் என்றொரு கோமாளியைப் படைத்தது. ரியோவின் சாயலைக் கலந்து வரைந்த முகம், இளஞ்சிவப்பு நிறச் சண்டையுடை, வீறாப்பான பேச்சு, எறியும் ஒளியுருண்டையோ ஒரு சாண் தூரம் சென்று அணைந்துவிடும். எதிர்க்கட்சிக்கு இதைவிடக் கூரான மறுமொழி வேண்டுவதில்லை.

தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த குடும்பத்தார்க்கு இவ்விடத்தில் லாவணி நினைவுக்கு வரும். காமன் பண்டிகைக் காலத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு பிரிவாக உட்கார்ந்துகொண்டு, டேப்பு அடித்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வழக்காடும் கலை அது. ஒரு கட்சி பாடிய மெட்டையே எடுத்து மறு கட்சி திருப்பிப் பாடும். எதிரியின் அடியைக் கேட்டு மனத்தில் வாங்கிக்கொள்ளாதவன் லாவணிக்காரன் ஆக இயலாது. டான் என்ற பாத்திரத்தைப் படைத்தவர்கள் ரியோவை நுணுகிப் பார்த்தவர்கள். நல்ல கேலிக்குள் ஒரு வாசிப்பு இருந்தே தீரும்.

இனி, இவ்விரு கட்சிகளும் நம்மை வந்தடைந்த விதம். தொண்ணூறுகளில் பெங்களூரின் இப்பகுதித் தெருக்களில் வீடியோ கேம் கடைகள் இருந்தன. ஒரு குறுகிய அறை. உள்ளே மூன்று நான்கு பெட்டிகள். ஒரு ரூபாய்க் காசு. வெளியே செருப்புக் குவியல். கேப்காம், எஸ்.என்.கே. என்ற பெயர்களை எவரும் படித்தறிந்தவரல்லர். கேப்காமின் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' (1993) என்ற விளையாட்டுக்கு அதில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரால் 'முஸ்தபா' என்றே நாடெங்கும் சிறுவர் பெயர் சூட்டினர். அங்கும் கட்சி உண்டு. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' பெட்டியின் முன்னே நிற்பவர் ஒரு சாரார், எஸ்.என்.கே.வின் 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்' பெட்டியின் முன்னே நிற்பவர் மறு சாரார். ரியூவும் கியோவும் மோதினால் வெல்பவர் யார் என்ற வினா அங்கே அன்றாடம் எழும். விடை கிடையாது, ஏனெனில் இருவரும் வேறு வேறு பெட்டிக்குள் இருந்தனர். நாம் மறுபார்வை செய்யும் படைப்பு அந்த வினாவுக்குப் பிறந்த விடை. ஆனால் அது வந்த கருவி நம் ஊர்க் கடைத்தெருவுக்கு வரவில்லை. நம் பையன்கள் கையில் அக்காலத்தில் இருந்தது கட்டங்கள் மேலிருந்து விழும் 'பிரிக் கேம்' ஒன்றுதான். 2021 பிப்ரவரியில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கும், பின்னர் கணிப்பொறிக்கும் மறுபதிப்பாக வந்தபோதே நம்மில் பலர்க்கு இதனைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. கேள்வி கேட்டு இருபது ஆண்டுகள் கழிந்தபின் விடை கையில் வந்த கதை இது.

கருவியைப் பற்றிச் சிறிது. எஸ்.என்.கே.வின் 1990ஆம் ஆண்டு வீட்டுக் கருவி அமெரிக்காவில் ஏறத்தாழ 650 டாலருக்கு விற்றது. செல்வர் வீட்டுப் பண்டம். ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த பாக்கெட் கருவியோ 70 டாலர். இரண்டு சிறு பேட்டரிகள். 160 புள்ளி அகலம், 152 புள்ளி உயரம் கொண்ட திரை. பின்னிருந்து ஒளி கிடையாது, ஆகவே சன்னலோரமாக உட்கார்ந்தே ஆட வேண்டும். சொடுக்குச் சொடுக்கென்று ஒலிக்கும் ஒரு சிறு திசைப்பிடி. விளையாடுவதற்கு இரண்டே பொத்தான்கள்.

இந்த இரண்டு பொத்தான்களில்தான் இப்படைப்பின் உயிர் இருக்கிறது என்பது நம் கருத்து. ஆகவே இங்கே சற்று நிற்போம். கேப்காமின் சண்டை முறை ஆறு பொத்தான்களால் ஆனது: குத்து மூன்று, உதை மூன்று, ஒவ்வொன்றும் மெலிது, நடுத்தரம், வலிது. எஸ்.என்.கே.யின் முறை நான்கு பொத்தான்கள்: குத்தில் இரண்டு, உதையில் இரண்டு. கேப்காமில் பழகிய கை நான்கு பொத்தான் பெட்டியில் தடுமாறும், மற்றதும் அவ்வாறே. ஆறுக்குப் பழகிய ரியூவையும் நான்குக்குப் பழகிய கியோவையும் ஒரே களத்தில் நிறுத்த வேண்டுமானால் எவன் எவனுடைய இலக்கணத்தில் பேசுவது? பெரிய எந்திரத்தில் இந்த வினாவைத் தள்ளிப் போட்டுவிடலாம். பொத்தான்களை வேண்டிய அளவு வைத்துக்கொள்ளலாம். பாக்கெட் கருவியில் தள்ளிப்போட வழியில்லை. இருப்பது இரண்டு.

ஆக்கியோர் கண்ட வழி நம் தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு வியப்பளிக்கும். ஒரு பொத்தான் குத்து, மற்றொன்று உதை. சட்டென்று தட்டி விட்டால் மெலிய அடி. சற்றே அழுத்திப் பிடித்தால் வலிய அடி. அதாவது, குறிலும் நெடிலும்! எழுத்தை மாற்றாமல் மாத்திரையை மாற்றிப் பொருளை மாற்றும் முறை. கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் அளவாகக் கொண்டு ஒலியை அளந்தவர் நம் இலக்கண ஆசிரியர். அதே கண்ணிமைப் பொழுதைக் கொண்டு அடியை அளந்திருக்கின்றனர் இவர்கள். முதல் அரை மணி நேரம் எல்லா அடியும் குறிலாகவே விழும். பிறகு விரல் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொண்டபின், ஆறு பொத்தானும் நான்கு பொத்தானும் நம் நினைவுக்கு வருவதே இல்லை.

இரண்டு பொத்தான், இரண்டு மாத்திரை. கூட்டினால் நான்கு அடி. இது எஸ்.என்.கே.யின் நான்கோடு பொருந்துகிறது. கேப்காமின் ஆறில் நடுத்தர அடிகள் இரண்டும் கழிந்துவிடுகின்றன. ஆக்கியோர் தம் வீட்டு அளவுகோலையே பொது அளவுகோலாக்கிவிட்டனர் என்று கேப்காம் கட்சியார் குறை கூறினால் அதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. எனினும், ஈடாக மற்றொன்றைத் தந்திருக்கின்றனர். ஆட்டத்தைத் தொடங்கும் முன், வல்லமையைச் சேமித்துச் செலவழிக்கும் முறைகள் மூன்றனுள் ஒன்றை ஆடுவோரே தேர்ந்துகொள்ளலாம். ஒன்றில் வல்லமை படிப்படியாக மூன்று நிலை வரை சேரும். மற்றொன்றில் நின்ற இடத்தில் நின்று மூச்சை அடக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்றில் அடிமேல் அடி தொடுத்துச் செல்லலாம். இவை இரு வீட்டுப் பழைய விளையாட்டுகளிலிருந்தும் எடுக்கப்பட்ட முறைகளே. கேப்காம் வீரன் எஸ்.என்.கே. முறையில் மூச்சடக்கி நிற்கலாம், எஸ்.என்.கே. வீராங்கனை மறு வீட்டு முறையில் அடி தொடுக்கலாம். பிறந்த வீடு ஒன்று, பேசும் முறை மற்றொன்று. இதைப் புரிந்துகொள்ள நம் பிள்ளைகளுக்கு உரை தேவையில்லை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கடையில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று நாள் முழுதும் முறை மாற்றித் திரிபவர்கள் அவர்கள்.

பாத்திரத் தேர்வுக்கு வருவோம். தொடக்கத்தில் ஒரு பக்கம் ஒன்பதின்மர், மறு பக்கம் ஒன்பதின்மர். கேப்காம் பக்கத்தில் ரியூ, கென், சுன்-லி, கைல், ஸாங்கீஃப், டான், சகுரா ஆகிய எழுவரோடு வேற்றுக் கதையிலிருந்து மாரிகன், ஃபெலிஷியா. எஸ்.என்.கே. பக்கத்தில் கியோ, இயோரி, டெர்ரி, ரியோ, மாய், அதீனா, லியோனா. வாள் ஏந்திய ஹாவோமாரு. ஐனு பழங்குடிப் பெண் நகோருரு. மறைந்திருந்து பின்னர் வெளிப்படுவோர் பக்கத்துக்கு நால்வர். மொத்தம் 26. எண்ணிக்கையில் மட்டுமா ஒப்புரவு? கொடியோரிலும் இரு வீட்டார்க்கும் பங்கு வைத்திருக்கின்றனர். அங்கே பைசன் என்றால் இங்கே கீஸ் ஹாவர்ட். கேலிக்குரியவரிலும், குழந்தைத்தனம் உடையோரிலும், இருண்ட மனத்தோரிலும் அவ்வாறே. எல்லோரும் பெருந்தலையும் குறுகிய உடலுமாக ஒரே கையால் வரையப்பட்டிருக்கின்றனர். பெரிய திரையில் இரு வீட்டு ஓவிய மரபும் வேறு. அருகருகே நிறுத்தினால் ஒட்டாது. இங்கே எல்லோரும் கொலு பொம்மைகள். ஒரே குயவர் செய்த கொலு. அந்தக் குறுகிய உருவத்திலும் ஒவ்வொருவரும் நிற்கும் நிலை, மூச்சு வாங்கும் முறை, வென்றபின் காட்டும் செருக்கு ஆகியவை கெடாமல் இருப்பதுதான் கைத்திறன். 160 புள்ளிக்குள் இயோரியின் இகழ்ச்சிச் சிரிப்பைக் காட்டியிருப்பவர் தேர்ந்த சிற்பி.

வெறுங்கையோடு நிற்பவன் எதிரில் வாளேந்தியவன் வருவது முறையா என்று கேட்கலாம். ஹாவோமாருவின் வாள் நீளமானது. அடித்துத் தவறினால் மீள நேரமாகும். அந்த நேரந்தான் வெறுங்கையனுக்கு வாய்ப்பு. நம் திண்ணைகளில் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்கு எதிரே பதினைந்து ஆடு. இருதரப்பும் ஒத்தவையல்ல, ஆயினும் ஆட்டம் நேர்மையானது.

ஒரு குறை நம் நெஞ்சை உறுத்துகிறது. இந்தியராகப் படைக்கப்பட்ட தால்சிம் இங்கே இல்லை. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் கைகால்களை நீட்டி, தீயைக் கக்கிச் சண்டையிடும் யோகி அவர். மண்டையோட்டு மாலை, முகத்தில் பட்டை, பின்னணியில் யானைகள் என்று அவரை வரைந்த விதம் நமக்கு உவப்பானதன்று என்பதும் உண்மை. ஆயினும் கடைப் பெட்டியில் நம் சிறுவர்கள் அவரைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் உரிமை இருந்தது. நீண்டு மடங்கும் அவர் கையைக் குறுகிய திரையில் காட்டுவது கடினமாக இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டு கேப்காம் செய்த கூட்டுப் படைப்பில் அவர் வந்து சேர்ந்தார்.

ஒரு கதையின் மாந்தர் மறு கதையில் புகுவது நமக்குப் புதியதன்று. மகாபாரதத்தின் வனபருவத்தில் மலர் தேடிச் செல்லும் வீமன், வழியில் வாலை நீட்டிக் கிடக்கும் அனுமனைச் சந்திக்கிறான். முந்தைய காப்பியத்தின் வீரன் பிந்தைய காப்பியத்துள் வந்துவிட்டான்! வாலைத் தூக்க முயன்று வீமன் தோற்கிறான். பின்னர் இருவரும் வாயுவின் மக்கள், அண்ணன் தம்பி என்பது வெளிப்படுகிறது. சண்டை நிகழாமலேயே வலிமை அளக்கப்பட்டுவிட்டது, இருவர்க்கும் இழுக்கில்லை. கூட்டுப் படைப்புக்கு இதனினும் நயமான முடிச்சு அரிது.

மறுதலையான எடுத்துக்காட்டு நம் திரையுலகில் உண்டு. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் சேர்ந்து நடித்த ஒரே படம் 1954இல் டி.ஆர்.ராமண்ணா இயக்கிய 'கூண்டுக்கிளி'. விந்தன் கதை எழுதியது. இரு பெரும் நடிகர், நல்ல எழுத்தாளர். படம் வெற்றி பெறவில்லை. காரணம் பலவாறு கூறுவர். நம் நோக்கில் காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. ஒருவர் குணக்குன்று, மற்றவர் நண்பனின் மனைவி மேல் ஆசை வைப்பவர். நடிப்பில் அது சிவாஜிக்கு நல்ல தீனிதான். ஆனால் கட்சி பிரிந்து கொட்டகைக்கு வரும் மக்களுக்கு, தம்மவர் ஒரு பக்கம் தாழ்த்தப்பட்டதாகவே தோன்றும். தனித்தனியே இரு கதைகளில் நாயகராயிருப்பவரை ஒரு கதையில் சேர்க்கும்போது, எவரையேனும் ஒருவரைத் துணைப்பாத்திரமாக்கினால் கூட்டு உடைந்துவிடும். அதற்குப் பின் இருவரும் சேர்ந்து நடிக்கவே இல்லை. பைசனுக்கு ஒரு கீஸ் என்று எஸ்.என்.கே. கணக்கு வைத்ததன் அருமை இப்போது விளங்கும்.

இப்படைப்புக்குச் சில திங்கள் முன்னர், அதே 1999இல், அதே கருவிக்கு, 'கார்ட் ஃபைட்டர்ஸ் கிளாஷ்' என்ற சீட்டாட்டம் ஒன்று வந்தது. அது இரண்டு பதிப்பாக வெளியிடப்பட்டது: எஸ்.என்.கே. அன்பர்க்கு ஒன்று, கேப்காம் அன்பர்க்கு ஒன்று. எரிந்த கட்சிக்கு ஒரு புத்தகம், எரியாத கட்சிக்கு ஒரு புத்தகம்! எல்லாச் சீட்டும் வேண்டுமானால் எதிர்க்கட்சிக்காரனைத் தேடிப் பிடித்து, கருவிகளைக் கம்பியால் இணைத்து, மாற்றிக்கொள்ள வேண்டும். வணிக உத்திதான், ஆயினும் பகைவன் வீட்டுக் கதவைத் தட்டாமல் உன் புத்தகம் நிறையாது என்று அது சிறுவர்க்குச் சொல்லாமல் சொல்லியது.

2000ஆம் ஆண்டில் கேப்காம் தன் முறைக்கு ஒரு கூட்டுப் படைப்பைச் செய்தது. 'கேப்காம் வெர்சஸ் எஸ்.என்.கே.' என்று அதற்குப் பெயர். பெயர் வரிசை மாறியிருப்பதைக் கவனிக்க. பெரிய திரை, பொலிவான ஓவியம், ஆரவாரமான இசை. ஆனால் அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை ஒரு தர எண் இட்டுவிட்டனர். நான்குக்கு மேற்படாமல் நம் அணியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னார் முதல் தரம், இன்னார் இரண்டாம் தரம் என்று முன்னரே முடிவு. மத்திய அரசு அலுவலகத்தில் ஊதிய நிலைப் பட்டியலோடு நாள் கழிக்கும் நமக்கு இம்முறை மிகப் பழக்கமானது. பழக்கமானதனாலேயே வீட்டுக்கு வந்தும் அதை ஆட விருப்பமில்லை. மறு ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் தரத்தை ஆடுவோரே பங்கிட்டுக்கொள்ளலாம் என்று மாற்றினர். பாக்கெட் படைப்பில் இச்சிக்கலே எழவில்லை. அங்கே சகுரா என்ற பள்ளிச் சிறுமியும் உலகை ஆளத் துடிக்கும் பைசனும் களத்தில் ஓர் ஆளுக்கு ஓர் ஆள்.

குறைகள் பிறவும் உண்டு; விரைந்து கூறிவிடுவோம். உரையாடல் மிகச் சுருக்கம். இரு வீட்டு மாந்தர் முதன்முதல் சந்திக்கும் இடத்தில் பேசுவதற்கு எவ்வளவோ இருக்க, இரண்டு வரியில் முடித்துவிடுகின்றனர். டானும் ரியோவும் எதிரெதிர் நிற்கும் இடத்தில் ஒரு நல்ல லாவணிக்காரன் ஓர் இரவு முழுதும் பாடியிருப்பான். 'ஒலிம்பிக்' என்ற பெயரில் சேர்த்த சிறு விளையாட்டுகளுள் ஃபெலிஷியா தாளத்துக்கு ஆடுவது இனிமை. மற்றவை சிலவற்றை ஒரு முறைக்கு மேல் தொடத் தோன்றவில்லை. இசை, கருவியின் சிறு ஒலிபெருக்கிக்குள் அடைபட்டு, நல்ல மெட்டாக இருந்தும் கொசு ரீங்காரமாகக் கேட்கிறது. மறுபதிப்பில் ஆட்டத்தைப் பின்னோக்கிச் சுழற்றித் தோல்வியைத் திருத்திக்கொள்ளும் வசதி கொடுத்திருப்பது நமக்கு உடன்பாடன்று. வாங்கிய அடி வாங்கியதாகவே இருக்கட்டும். அதே மறுபதிப்பில் ஒரே கருவியை மேசை மேல் வைத்து இருவர் ஆட வழி செய்திருப்பதோ பெரும் நன்மை. முன்பு கம்பியும் இரண்டு கருவியும் வேண்டியிருந்தது.

1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் நினைவில் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு, இரு கட்சி ஒரே களம் என்பது வெறும் விளையாட்டுச் சொல்லாக இராது. காவிரியின் பெயரால் கடைப் பலகைகள் இரவோடிரவாக இறக்கப்பட்டதையும், வண்டி எண்ணைப் பார்த்து வழி மறிக்கப்பட்டதையும் கண்டவர் நம் தெருக்களில் உள்ளனர். நமக்குத் தெரிந்த சமாதான முறை ஒன்று உண்டு. அல்சூரில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. உன் விருந்தாளி என் வீட்டில், என் விருந்தாளி உன் வீட்டில். அது செய்யத்தக்கதே, செய்தவர் வாழ்த்துக்குரியர். ஆயினும் விருந்தாளிக்கு ஓர் இருக்கை உண்டேயன்றி, அடுப்படியில் உரிமை இல்லை. 1999இன் சிறு படைப்பு செய்ய முனைந்தது வேறு. இரு வீட்டையும் விட்டு வெளியே வந்து, இருவரும் இழக்கவும் இருவரும் கற்கவும் வேண்டிய மூன்றாவது இடம் ஒன்றை அது கட்டிற்று. நடுத்தர அடியை ஒருவர் இழந்தார். பழகிய பொத்தான்களை இருவருமே இழந்தனர். அந்த இழப்பைக் கருவியின் சிறுமை வற்புறுத்தியிராவிடில் எவரும் மனமுவந்து ஏற்றிருப்பாரா என்பது ஐயமே. நல்ல கூட்டுகள் சில, இடமின்மையால் விளைகின்றன. ரயில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் சென்றவர்க்கு இது தெரியும்.

எஸ்.என்.கே. இதன் பயனைத் துய்க்கவில்லை. 2000ஆம் ஆண்டிலேயே பாக்கெட் கருவியை மேலைநாட்டுச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. 2001 அக்டோபரில் நிறுவனமே திவாலாயிற்று. பிறகு பெயர் மாறி, உரிமை மாறி, மீண்டும் எழுந்தது. 2003இல் அந்நிறுவனத்தின் வழித்தோன்றல் வெளியிட்ட 'எஸ்.வி.சி. கேயாஸ்' பெரிய திரைக்கு வந்ததேயன்றி, பாக்கெட் படைப்பின் ஒழுங்கு அதில் இல்லை. அண்மையில் மீண்டும் உறவு தளிர்த்திருக்கிறது. 2024 செப்டம்பரில் டெர்ரியும் 2025 பிப்ரவரியில் மாயும் கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'க்குள் வந்தனர்; 2025 ஏப்ரலில் எஸ்.என்.கே. வெளியிட்ட புதிய 'ஃபேட்டல் ஃப்யூரி'க்குக் கென்னும் சுன்-லியும் விருந்தினர் என அறிவிக்கப்பட்டது. எல்லோரும் ஆசைப்பட்டு அழைத்த விருந்தினர்தாம், அழகாகவும் வரையப்பட்டிருக்கின்றனர். வந்து சேர்ந்த வீட்டின் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டு பேசுகின்றனர். விருந்தினர்க்குத் தனிக் கட்டணம் வைப்பதும் இக்கால வழக்கம்.

பழைய படைப்பை முதன்முதலாகத் தொடப் புகும் அன்பர்க்கு ஒரு குறிப்பு. நாயகரைத் தேர்ந்தெடுக்க வேண்டா. டானைத் தேர்ந்துகொண்டு, எதிரே ரியோவை நிறுத்துக. ஒரு வீட்டார் மறு வீட்டாரைக் கேலி செய்யப் பெற்ற பிள்ளையை, கேலிக்கு ஆளான வீட்டாரே தம் கையால் வரைந்து, தம் களத்தில் இறக்கி, ஒருவித வஞ்சகமும் செய்யாமல் விட்டிருக்கின்றனர். அவன் ஒளியுருண்டை இங்கும் அருகிலேயே அணைந்துவிடும். வீறாப்பு இங்கும் குறையாது. ஆனால் உதைப் பொத்தானை நெடிலாக அழுத்திச் சரியான நேரத்தில் விடுவீராயின், ரியோ கீழே விழுவார்.